மூன்றாம் நாள் மண்வெட்டி

1

திருக்குறளில் கொல்லாமை அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது, இல்லறவியலில் இல்லை. இதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. கவனித்தாலும் அதிகார வைப்பு முறை பற்றிய பண்டிதச் சண்டையாக அது முடிந்துவிடுகிறது. எனக்கோ அந்த வைப்பில் ஒரு பெரிய நேர்மை இருப்பதாகப் படுகிறது. வீட்டை விட்டவனால்தான் கொல்லாமல் இருக்க முடியும். அவனுக்கு வாசற்படி கிடையாது. வாசற்படி இல்லாதவனிடம் எதுவும் அத்துமீறி நுழைந்துவிட முடியாது. மரத்தடியில் படுத்திருப்பவன் மேல் எறும்பு ஊர்ந்தால் அது எறும்பின் பாதை, அவ்வளவுதான். அதே எறும்பு சர்க்கரை டப்பாவுக்குள் வரும்போதுதான் தொல்லையாகிறது. தொல்லை தரும் பூச்சி என்று இயற்கையில் ஒரு ஜாதி இல்லை. வீடு கட்டப்பட்டபோது கூடவே உண்டான ஜாதி அது.

துறவிக்குச் சொன்னதை இல்லறத்தான் இரவல் வாங்கிக்கொண்டான். வாங்கினதில் தப்பில்லை. ஆனால் வீட்டையும் வைத்துக்கொண்டு கொல்லாமையையும் வைத்துக்கொள்ள வேண்டுமானால் நடுவில் ஒரு ஏற்பாடு தேவைப்படுகிறது. அந்த ஏற்பாடு முதலில் மொழியில் நடக்கிறது. 'புழு பூச்சி' என்று இரண்டு சொற்களை ஒட்டி ஒரு கும்பலாக்கிவிடுகிறோம். கும்பலில் சாவது எதுவும் சாவாகாது. தொல்காப்பிய மரபியல் இப்படிச் செய்யவில்லை. கறையானுக்கும் எறும்புக்கும் மூன்று அறிவு, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு என்று ஒவ்வொன்றாக எடுத்து எண்ணியிருக்கிறது. அந்தக் கணக்கு இன்றைய விலங்கியலுக்கு ஒத்துவருமா என்பது வேறு விஷயம். எண்ணுவது என்ற காரியமே ஒரு மரியாதை.

சொந்த ஊரில் இந்த ஏற்பாடு சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும். யாருக்கும் அது ஏற்பாடாகவே தெரியாது. வேறொரு நாட்டில், இரவல் வீட்டில், வேற்று மனிதர்களின் கைகளைக் கொண்டு அதை நடத்திக்கொள்ள நேரும்போது சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது. 1993லிருந்து 2004 வரை நான் டான்ஸானியாவில், மொரோகோரோ என்ற ஊரில், ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அந்தப் பதினொரு வருஷங்களில் எனக்குக் கேட்ட சத்தத்தைப் பற்றித்தான் எழுத உத்தேசம். இது பிரயாணக் கட்டுரை அல்ல. பூரானும் பாம்பும் மண்டிய இருண்ட கண்டம் என்று சிலிர்த்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நம்முடைய வாரப் பத்திரிகைகள் இருக்கின்றன.

2

மொரோகோரோ தார் எஸ் ஸலாமிலிருந்து மேற்கே ஏறக்குறைய 190 கிலோமீட்டர். உளுகுரு மலையின் அடிவாரம். ஜெர்மானியர்கள் போட்ட ரயில் பாதை 1907இல் இங்கே வந்து சேர்ந்தது. சுற்றிலும் நார்க்கற்றாழைத் தோட்டங்கள். மழை வருஷத்துக்கு இரண்டு முறை: பெரியது மாசிகா, மார்ச்சிலிருந்து மே வரை, சிறியது வூலி, வருஷக் கடைசியில். பூச்சிகளின் பஞ்சாங்கமும் இதுவே.

பள்ளிக் குடியிருப்பில் முன்வரிசை வீடுகள் ஆசிரியர்களுக்கு. ஜன்னல்களில் கம்பிவலை அடித்திருக்கும். நாற்பது அடி தள்ளிப் பின்வரிசை. தோட்டக்காரர், காவல்காரர், சமையல்காரர் குடும்பங்களுக்கான அறைகள். அங்கே கம்பிவலை கிடையாது. இதை யாரும் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. கட்டும்போதே அப்படித்தான் இருந்தது.

போன முதல் வாரத்தில் இரண்டு பாடங்கள் சொல்லித்தந்தார்கள். ஒன்று, நைரோபி ஈ. பெயர்தான் ஈ, உண்மையில் கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு சின்ன வண்டு. கடிக்காது, கொட்டாது. தோல் மேல் வைத்து நசுக்கினால் மட்டும் அதன் உடம்பில் இருக்கும் விஷநீர் பட்டு அந்த இடம் வெந்து கொப்புளிக்கும். ஆகவே அடிக்காதே, ஊதிவிடு. இரண்டு, மாம்பழ ஈ. கொடியில் காயும் ஈரத்துணியில் முட்டையிடும். முட்டை பொரிந்து வரும் புழு தோலுக்குள் நுழைந்து, கட்டியாக வீங்கி, உள்ளேயே வளரும். ஆகவே உள்ளாடை உட்பட எல்லாத் துணிகளையும், இரண்டு பக்கமும், சூடாக இஸ்திரி போட்டே உடுத்த வேண்டும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, கொன்றால் மட்டுமே தீங்கு செய்வது. மற்றது, கொல்லாவிட்டால் தீங்கு செய்வது. 'பூச்சி' என்ற பொதுச்சொல்லின் மேல் எந்தச் சட்டத்தையும் எழுப்ப முடியாது என்பதற்கு இதைவிட ஸ்தூலமான நிரூபணம் வேண்டியதில்லை. 'எதையும் கொல்லாதே' என்பதும் 'எல்லாவற்றையும் ஒழி' என்பதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்கள். இரண்டுமே, எது எது என்று பார்க்கும் வேலையைத் தவிர்த்துவிடுகின்றன. சமண மரபில் ஹிம்சையை வரையறுக்கும்போது உயிரைப் போக்குவதோடு 'பிரமாதம்' என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். பிரமாதம் என்றால் அசிரத்தை, விழிப்பின்மை. நம் பேச்சு வழக்கில் அந்தச் சொல் எப்படியோ பாராட்டாக மாறிவிட்டது. அவர்கள் சொன்ன அர்த்தத்தில் அது அறத்தின் முதல் தோல்வி.

இஸ்திரி விஷயத்துக்கு வருகிறேன். கரி போட்ட இரும்புப் பெட்டி. இங்கே மடிப்புக் கலையாத சட்டை ஒரு கௌரவச் சின்னம். அங்கே அது தினசரி ஒரு சம்ஹாரம். எங்கள் குடியிருப்பில் இந்தியக் குடும்பங்கள் சில. பெரும்பாலும் சைவம். சமையலறையில் முட்டை உடைபடக்கூடாது என்பதில் மிகுந்த கவனம். அதே வீட்டுத் துணிகளின் மேல் ஈ இட்ட முட்டைகளை வேலைக்கு வரும் ஒருவரின் கை தினமும் பொசுக்கிக்கொண்டிருந்தது. இதில் வேஷம் என்று நான் எதையும் சொல்லவில்லை. அவர்கள் யாருக்கும் அது தெரியவே இல்லை என்பதுதான் விஷயம். கொலை இன்னொருவரின் கைக்கு மாற்றப்பட்டதும் அது கொலை என்ற தன்மையை இழந்து 'வீட்டு வேலை' ஆகிவிடுகிறது. என் துணிகளை நானே இஸ்திரி போட்டுக்கொண்டேன். அதில் பெருமை ஒன்றுமில்லை. யார் கை என்பதால் முட்டைக்கு வித்தியாசம் இல்லை. எனக்கு மட்டும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தது: என்ன நடக்கிறது என்று தெரிந்தது.

எங்கள் தோட்டக்காரர் அறுபது வயதைக் கடந்தவர். அந்த ஊர் வழக்கப்படி வயதுக்குத்தான் முதல் வணக்கம். ஆகவே காலையில் நான் 'ஷிகாமோ' என்பேன், அவர் 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்வார். அதன் பிறகுதான் அவருக்கு நான் 'ம்வாலிமு', வாத்தியார். அடுத்த வீட்டு ஆசிரியர் கரப்பானைக் கொல்லமாட்டார். டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் காகிதத்தைச் செருகி, பின்கதவைத் திறந்து வெளியே விட்டுவிடுவார். ஒருநாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் என்னிடம் சொன்னார், கோபமில்லாமல், தகவல் சொல்வதுபோல:

"ம்வாலிமு, அவர் வெளியே என்று சொல்கிற இடத்தில்தான் எங்கள் வீடு இருக்கிறது."

ஜீவகாருண்யம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரையும் அந்தப் பின்கதவு வழியாக ஒருமுறை அழைத்துப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

3

வந்தேறி யார் என்ற கேள்வி அடுத்தது. வெளிநாட்டில் இருக்கிறவனுக்குப் பூச்சி என்பது 'அந்த நாட்டுப் பூச்சி'. அந்த மண்ணின் குற்றம். நான் நாகரிகத்திலிருந்து வந்தவன், இது இங்கேயே இருந்தது என்ற மனோபாவம். பெயர்களையும் வரலாற்றையும் கொஞ்சம் புரட்டினால் இந்த மனோபாவம் நிற்பதில்லை.

அமெரிக்கக் கரப்பான் என்று பெயர் பெற்ற பெரிய செங்கரப்பானின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. கப்பல்களில் அமெரிக்காவுக்குப் போய், அங்கே பெயர் வாங்கிக்கொண்டது. ஜெர்மன் கரப்பான் என்ற சின்ன வகை, உலகத்தின் சமையலறைகளையெல்லாம் ஆள்வது, ஜெர்மனியைச் சேர்ந்ததே அல்ல. 2024இல் வெளியான மரபணு ஆய்வின்படி, ஏறக்குறைய 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது பர்மாப் பக்கத்தில் வாழ்ந்த ஓர் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து மனித வீட்டோடு ஒட்டிக்கொண்டது அது. ஆக மொரோகோரோவில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் நான் கண்ட உருவம் எனக்கு முன்பே நம் பக்கத்திலிருந்து கிளம்பிவந்த மூதாதை. கால்விரலில் நகத்தடியில் புகுந்து முட்டை வைக்கும் உண்ணிச் சிறுதெள்ளு ஆப்பிரிக்காவின் சாபம் என்று பிரயாணிகள் எழுதினார்கள். 1872இல் பிரேஸிலிலிருந்து ஒரு கப்பல் அதை அங்கோலாவில் இறக்கியது. சுமைகூலிகளின், சிப்பாய்களின் பாதங்களிலேயே கண்டத்தைக் குறுக்காகக் கடந்து அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தது.

கொசுக்களின் பண்டமாற்று இன்னும் விசேஷம். நம் ஊரில் டெங்குவைச் சுமக்கும் ஏடிஸ் எகிப்தி ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து வந்தது. அடிமைக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் அட்லாண்டிக்கைக் கடந்து, பிறகு ஆசியத் துறைமுகங்களுக்கும் வந்தது. பதிலுக்கு நாம் அனுப்பியது அனோஃபிலிஸ் ஸ்டெஃபென்ஸி. சென்னையில் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளர்ந்து நகரத்து மலேரியாவைப் பரப்பிய கொசு. 2012இல் அது ஜிபூட்டியில் கண்டுபிடிக்கப்பட்டது, 2016இல் எத்தியோப்பியாவில். ஆப்பிரிக்க மலேரியா பெரும்பாலும் கிராமத்து நோயாக இருந்தது. இந்தக் கொசு தண்ணீர்த் தொட்டிகளை நம்பி வாழ்வதால் அதை நகரத்துக்குள் கொண்டுவருகிறது. வேலை தேடி வெளிநாடு போய், அந்த ஊர்க்காரர்களைவிட நகரத்தில் சௌகரியமாகக் குடியேறிவிட்ட இந்தியன். இந்த உருவகத்தை நான் கஷ்டப்பட்டுத் தேடவில்லை. விஞ்ஞானமே கையில் கொடுக்கிறது.

சுவாஹிலியில் 'ம்கெனி' என்ற ஒரே சொல் விருந்தாளியையும் அந்நியனையும் குறிக்கும். தமிழிலும் விருந்து என்றால் ஆதியில் புதுமைதான். விருந்தினன் என்றால் புதியவன். இரண்டு மொழிகளும் ஒரே இடத்தில் நிற்கின்றன. புதிதாக வந்தவன் யார் என்று இன்னும் தெரியாது. தெரியாத வரைக்கும் உபசாரம். ஆனால் சுவாஹிலிக்காரர்கள் அதோடு நிறுத்தவில்லை. விருந்தாளிக்கு இரண்டு நாள் உபசாரம், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு என்பது அவர்கள் பழமொழி. ஜூலியஸ் நைரேரே 1962இல் எழுதிய உஜாமா கட்டுரையில் இதைச் சொல்லியிருக்கிறார். அதிதி தேவனாகவே இருந்துவிடக்கூடாது என்பதுதான் இதன் சாரம். வேலை கொடுப்பது அவமானமல்ல. அதுதான் அவனை வீட்டோடு சேர்ப்பது.

4

கூடி வாழ்வது சாத்தியமா என்று கேட்டால் பெரும்பாலானவற்றோடு சாத்தியம்தான் என்பேன். அருவருப்பைக் கொஞ்சம் பரிசீலித்துப் பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மாசிகாவின் முதல் மழை நின்றதும் மாலையில் ஈசல் புறப்படும். அங்கே அதற்குக் கும்பிகும்பி என்று பெயர். விளக்கைச் சுற்றி ஆயிரக்கணக்கில். எங்கள் வரிசையில் விளக்குகளை அணைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பின்வரிசைக் குழந்தைகள் வாளியில் தண்ணீர் வைத்துப் பிடித்து, சிறகை உதிர்த்து, வறுத்துத் தின்பார்கள். 'ஐயோ, பூச்சியைத் தின்கிறார்கள்' என்று ஊருக்குக் கடிதம் எழுதினவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் ஈசல் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்னும் கிராமங்கள் இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அந்தத் தமிழர்களை அவர்கள் தமிழர்களாகக் கணக்கில் எடுத்ததில்லை. நாம் வெளிநாட்டுக்கு எடுத்துப்போகும் அருவருப்பு நம் மொழியின் அருவருப்பு அல்ல. நம் ஜாதியின் அருவருப்பு.

பல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவாஹிலியில் வீட்டுப் பல்லிக்கு 'ம்ஜூஸி காஃபிரி', அதாவது அவிசுவாசிப் பல்லி என்று பெயர். இப்ராஹிம் நபியை நெருப்பில் இட்டபோது பல்லி அந்த நெருப்பை ஊதிவிட்டது என்று இஸ்லாமிய மரபில் ஒரு செய்தி உண்டு. நமக்கோ பல்லி ஜோஸியன். அது எந்தத் திசையில் சொன்னது என்று பலன் பார்க்கப் பஞ்சாங்கம் வைத்திருக்கிறோம். காஞ்சி வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிடுகிறோம். ஒரே ஜந்து, ஒரு வீட்டில் நாஸ்திகன், இன்னொரு வீட்டில் தீர்க்கதரிசி. சுவரில் அதுபாட்டுக்குக் கொசுவைத் தின்றுகொண்டிருக்கிறது. நாம் ஒன்றின் மேல் ஏற்றிவைக்கும் அர்த்தம் எவ்வளவு தூரம் அதனுடையது, எவ்வளவு நம்முடையது என்பதற்கு அந்தச் சுவர் எனக்கு நல்ல பலகையாக இருந்தது.

ஸியாஃபு வேறு ரகம். படையெறும்பு. வேலையாட்கள் எல்லாம் குருடு. லட்சக்கணக்கில் ஒரு கறுப்புக் கயிறுபோல வரும். வருகிற வழியில் இருப்பதை விடாது. முதல்முறை வந்தபோது பெரியவர் செய்தது இது. கட்டிவைத்த கோழிகளை அவிழ்த்துவிட்டார். பின்வரிசைக் குழந்தைகளைத் தூக்கி வரச் செய்தார். என் வீட்டுக் கதவுகளைத் திறந்துவைத்தார். எல்லோரும் மாமரத்தடியில் போய் உட்கார்ந்தோம். மூன்று மணி நேரம். எறும்புகள் வீட்டுக்குள் போய், கூரையிடுக்கு, அலமாரி மூலை எதையும் விடாமல் தேடி, கரப்பான், சிலந்தி, எலிக்குஞ்சு எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போயின. திரும்பிப் போனபோது வீடு கழுவிவிட்டதுபோல இருந்தது.

அந்த மூன்று மணி நேரம் நாங்கள் துறவிகள். வீட்டை விட்டவர்கள். கொல்லாமை அப்போது வெகு சுலபமாக இருந்தது. ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது: மாமரத்தடிக்குத் தானாக நடந்துவர முடியாதவர்களைத் தூக்கிவர ஒரு கை வேண்டியிருந்தது. கட்டிலோடு கிடக்கும் நோயாளி, தொட்டில் குழந்தை. துறவு நடக்கத் தெரிந்தவர்களின் வசதி. தானாக வெளியேற முடியாத ஒருவர் வீட்டுக்குள் இருக்கும்வரை வீட்டைக் காப்பதும் ஓர் அறம்தான். அதைக் குறைந்த அறம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

5

கொசு. இங்கே விளையாட்டு முடிந்துவிடுகிறது.

2023இல் உலகத்தில் மலேரியாவால் இறந்தவர்கள் 5,97,000 பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். கொசு கடிப்பது எல்லோரையும்தான். வெளிநாட்டுக்காரனுக்கு மாத்திரை, கம்பிவலை, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி. உள்ளூர்ப் பெரியவருக்கு, சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டு உடம்பு கற்றுக்கொண்ட ஓரளவு எதிர்ப்பு. அந்தப் பாடத்தின் கட்டணத்தைக் குழந்தைகள் கட்டுகிறார்கள். சிலர் முழுதாகக் கட்டிவிடுகிறார்கள். என் கைமேல் உட்கார்ந்த கொசுவை நான் ஊதிவிட்டால் அது என்னுடைய கருணை. அதற்கான செலவு என்னுடையது அல்ல.

இன்னொன்று. கொசுவுக்கு நோயைக் கொடுப்பவன் மனிதன். நோயுள்ள ரத்தத்தைக் குடித்த பிறகுதான் அதற்குள் கிருமி வளர்கிறது. ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கண்டது இந்தக் கிருமியைத்தான். கொசுவும் ஒரு வகையில் நோயாளி. இந்த உண்மையிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்திருக்கலாம். எல்லோருடைய ரத்தமும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கிறது என்பது ஒரு வழி. நடந்தது மற்றது. நோயின் இருப்பு ஆப்பிரிக்கக் குழந்தைகளின் ரத்தத்தில் இருக்கிறது, ஆகவே அவர்களிடமிருந்து விலகி வாழ வேண்டும் என்று வாதித்து, ஃப்ரீடவுனில் 1904இல் வெள்ளைக்காரர்களுக்கென்று மலைமேல் தனிக் குடியிருப்பு கட்டினார்கள். கொசுவை விலக்கும் பேச்சும் மனிதனை விலக்கும் பேச்சும் ஒரே இலக்கணத்தில் நடந்தன. எங்கள் பள்ளியின் முன்வரிசைக் கம்பிவலை அந்த இலக்கணத்தின் கடைசி அடி.

1997 கடைசியில் தொடங்கி 1998 வரை எல் நினோ மழை நிற்காமல் பெய்தது. பெரியவருடைய மகளின் பையன், மூன்று வயது, பின்வரிசை அறையில் இறந்துபோனான். காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. விடியும் வரை காத்திருக்க அவகாசமில்லாமல் போய்விட்டது. இதைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். குற்ற உணர்ச்சியைப் பற்றி எழுத உரிமை இல்லை. அது இங்கே ஓர் ஆடம்பரம், அதையும் முன்வரிசையில் இருப்பவன்தான் அனுபவிப்பான். என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல உரிமை இருக்கிறது.

நடப்பது இது. சாதாரண வலை கொசுவைக் கொல்வதில்லை. அது அஹிம்ஸையின் உச்சமான கருவிபோலத் தோன்றும். நான் இங்கே, நீ அங்கே, யாருக்கும் சேதமில்லை. ஆனால் பசித்த கொசு வலையோடு முட்டிக்கொண்டு பட்டினி கிடப்பதில்லை. வலை இல்லாத உடம்பைத் தேடிப் போகிறது. கொசுவர்த்திச் சுருளும் அப்படித்தான்: என் அறையிலிருந்து துரத்துகிறது, அடுத்த அறைக்கு. மருந்தில் தோய்த்த வலை வேறு மாதிரி. அதில் வந்து உட்காரும் கொசு சாகிறது. மேற்குக் கென்யாவில் ஆஸெம்போ பகுதியில் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மருந்து வலைகள் உள்ள வீடுகளுக்கு 300 மீட்டர் சுற்றளவில், வலையே இல்லாத வீடுகளிலும் குழந்தைச் சாவு குறைந்ததைக் காட்டியது. கொல்லாத வலை என்னைக் காப்பாற்றி அடுத்தவனிடம் அனுப்புகிறது. கொல்லும் வலை அடுத்தவனையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது.

கொல்லாமை பற்றிய எந்த விசாரமும் இந்த உண்மையைத் தாண்டித்தான் போக வேண்டும். சுற்றிக்கொண்டு போக முடியாது. என் கை சுத்தமாக இருப்பதற்கும் எனக்கு அடுத்திருப்பவன் உயிரோடு இருப்பதற்கும் நடுவே இப்படி நேரடியான முரண் இருக்கும்போது, சுத்தத்தைத் தேர்ந்துகொள்வதற்கு அறம் என்று பெயர் வைக்க முடியாது.

6

ஆனால் இத்தோடு முடித்துவிட்டால் நான் சொன்னது பாதி. அபாயமான பாதி.

நான் போய்ச் சேர்ந்த மறு வருஷம், 1994 ஏப்ரலில், பக்கத்து நாடான ருவாண்டாவில் அது நடந்தது. நூறு நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் துட்ஸிகள். அந்த மாதக் கடைசியில் ஒரே நாளில் ஏறக்குறைய 2,50,000 பேர் எல்லைப் பாலத்தைக் கடந்து டான்ஸானியாவுக்குள் வந்தார்கள். அந்த வானொலி துட்ஸிகளுக்கு உபயோகித்த சொல் 'இன்யென்ஸி'. கரப்பான். 1960களில் இரவில் எல்லை தாண்டி வந்து தாக்கிய கலகக்காரர்களுக்கு வழங்கிய பெயர் அது. பிறகு அதன் எல்லை விரிந்துகொண்டே போயிற்று. கலகக்காரனிலிருந்து கிராமத்தானுக்கு, கிராமத்தானிலிருந்து அவன் மனைவிக்கு, தொட்டில் குழந்தைக்கு.

அந்த மாதங்களில் எங்கள் வீடுகளில் யாராவது கரப்பானைச் செருப்பால் அடிக்கும்போது அந்தச் சத்தம் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. கரப்பானுக்காகச் சொல்லவில்லை. ஒரு சொல் தயாராகக் காத்திருப்பதைப் பற்றிச் சொல்கிறேன். கொல்வதற்கு முன்னாலேயே கொன்றுவிடும் சொல். அந்தச் சொல்லுக்குள் தள்ளப்பட்டதும் எதற்கும் முகம் இல்லை, எண்ணிக்கை இல்லை, காரணம் கேட்க வேண்டியதில்லை. முதலில் சொன்ன 'புழு பூச்சி'யின் வேலையும் இதுதான். நாம் அதை வீட்டுக்குள் அப்பாவியாகப் பழகிவைத்திருக்கிறோம். சொல் எப்போதும் வீட்டுக்குள்ளேயே இருப்பதில்லை.

ஆகவே மொரோகோரோவில் எனக்குக் கிடைத்தவை இரண்டு உண்மைகள். இரண்டும் ஒன்றையொன்று தின்ன முயல்கின்றன. கொல்ல வேண்டியிருக்கிறது; கொல்லாமல் இருப்பதன் விலையைப் பலவீனமானவன் கொடுக்கிறான். அதே சமயம் கொலையைச் சுலபமாக்கும் சொல், ஒருநாள் அதே பலவீனமானவன் மேல்தான் விழும். முதல் உண்மையை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் ஒழிப்பு வீரர்கள் ஆகிறார்கள். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் டம்ளரும் காகிதமுமாகப் பின்கதவுக்கு நடக்கிறார்கள். டி.டி.டி. சண்டையிலும் இதுதான் நடந்தது. 1962இல் ரேச்சல் கார்ஸன் எழுதியபோது அவர் பூச்சிமருந்தே கூடாது என்று சொல்லவில்லை; கண்ணை மூடிக்கொண்டு வாரி இறைப்பதைத்தான் கேட்டார். 2001 ஸ்டாக்ஹோம் ஒப்பந்தமும், வயலில் தெளிப்பதற்கு இடம் தராமல், நோய் பரப்பும் கொசுவுக்கு எதிராக மட்டும் அதை அனுமதித்தது. கவனமான இந்த நடுவழியைக் காட்டிலும் இரண்டு கோஷங்களுக்குத்தான் கேட்பவர்கள் அதிகம்.

இரண்டையும் ஒரே கையில் பிடிப்பது எப்படி? எனக்குத் தெரிந்த வரை ஒரே ஒரு வழிதான்: கொல்வதைக் கொலை என்றே வைத்துக்கொள்வது. எது என்று தெரிந்து, எதற்காக என்று தெரிந்து, தன் கையால், அதன் பெயர் சொல்லி. காரணம் தீர்ந்ததும் நிறுத்திக்கொண்டு. பிரமாதம் இல்லாமல். இப்படிச் செய்தால் கொலை குறையும் என்பதுகூட இல்லை. கொசு விஷயத்தில் கூடத்தான் செய்யும். ஆனால் அந்தச் சொல்லுக்குத் தீனி கிடைக்காது.

7

மூன்றாம் நாள் என்பது வெளிநாட்டில் இருக்கிறவனுக்குப் பல வருஷம் கழித்து வரலாம். வராமலே போகிறவர்களும் உண்டு. இருபது வருஷம் இரண்டாம் நாளிலேயே வாழ்ந்துவிட்டு, இந்த நாட்டில் ஒரே பூச்சித் தொல்லை என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள்.

1990களின் பிற்பாதியில் எங்கள் மாகாணத்தில், தெற்கே கிலொம்பெரோ பள்ளத்தாக்கில், மருந்து வலைகளைக் குறைந்த விலையில் விற்கும் முயற்சி ஆரம்பித்திருந்தது. அந்தக் காலத்து வலைகளில் மருந்து நிரந்தரமாக நிற்காது; ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தோய்க்க வேண்டும். 1999லிருந்து நான் ஊர் திரும்பும் வரை மாசிகாவுக்கு முன் ஒருமுறை, வூலிக்கு முன் ஒருமுறை, பெரியவரும் நானும் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மருந்தைக் கரைத்து, இரண்டு வரிசை வீடுகளின் வலைகளையும் தோய்த்து, நிழலில் காயப் போடுவோம். கையுறை போட்டாலும் முழங்கைக்கு மேல் எரியும். அவர் அதிகம் பேசமாட்டார். பேரனைப் பற்றி நாங்கள் ஒருமுறைகூடப் பேசியதில்லை. அடுத்த வீட்டு ஆசிரியரின் வலையையும் தோய்த்தோம். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்க்கவும் வரவில்லை.

தோய்த்த மறுநாள் காலையில் வலையோரத்தில் தரையில் கொசுக்கள் உதிர்ந்து கிடக்கும். பெருக்குவதற்கு முன்னால் எண்ணுவேன். முப்பது, நாற்பது. சில நாள் அதற்கும் மேல். கணக்கு வாத்தியாரின் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணுவதால் கொசுவுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. எண்ணாமல் பெருக்கிக் கொட்டிய நாட்களில் எனக்கு மட்டும் ஏதோ குறைந்தது. அது என்ன என்று இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.